புட்னியில் லீக்கைப் பிரிக்கப் போன ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் ஹரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். லண்டனில் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தை நேரில் பார்க்க முடியுமா, மகன் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஒரே அரியண்டம் தருகிறான் என்று கேட்டிருந்தார். பார்க்கலாம். வழியும் சொல்கிறேன். ஆனால் அந்த விளையாட்டைப் பற்றி எழுதுவதென்றால் எனக்கு ஒரு பயணத்திலிருந்துதான் தொடங்க வரும். தொண்ணூறுகளின் முன்பாதியில், மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பிய ஒக்டோபர் ஞாயிறு ஒன்றில், வட லண்டன் எட்மண்டனிலிருந்து தென்மேற்கே புட்னிக்குப் போன பயணம் அது. ஆட்டம் பார்க்கப் போகவில்லை. ஒரு லீக்கைப் பெரிதாக்கி, அதே கையோடு இரண்டாகப் பிரிப்பதற்கான கூட்டத்துக்குப் போனோம்.

எட்மண்டன் தமிழனுக்கும் அவுஸ்திரேலியருடைய விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் அப்போது ஒரு உணவுக் களஞ்சியத்தில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன். ஐரோப்பா சுற்றக் காசு சேர்க்க வந்த அவுஸ்திரேலியப் பெடியன் ஒருவனும் அங்கே வேலை செய்தான். அவன் ஒரு அணி தொடங்கியிருந்தான். லீக்கின் விதிப்படி ஒவ்வொரு அணியிலும் பாதிப் பேராவது அவுஸ்திரேலியர் அல்லாதவர்களாக இருக்க வேண்டும். அவனுக்கு அப்படிப்பட்ட ஆட்கள் கிடைக்கவில்லை. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் எது எதுவாக இல்லை என்று பார்த்துத்தான் எங்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். அவுஸ்திரேலியர் இல்லை என்பதற்காகவே எங்களைத் தேடி வந்து கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். வாடகை வீடுகளில் இருந்த எங்கள் பெடியள் பத்துப் பதினொரு பேரைத் திரட்டிக்கொண்டு போனேன். ஓட்டத்தில் நான் கடைசி என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்து முட்டை வடிவம். துடுப்பாட்டத் திடல் போன்ற பெரிய வட்டத் திடல். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு ஊடாக உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்து இடைவெளியால் போனால் ஒரு புள்ளி. குறி தவறியவனுக்கும் ஏதாவது கொடுத்து அனுப்பும் விளையாட்டை நான் வேறெங்கும் காணவில்லை. பந்தை எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மற்றக் கையின் முட்டியால் குத்தித்தான் இன்னொருவனுக்குக் கொடுக்க வேண்டும். இதைப் புதியவர்களுக்குப் பழக்கப் பல வாரம் பிடிக்குமாம். எங்கள் ஆட்களுக்கு முதல் நாளே வந்துவிட்டது. கரப்பந்தாட்டத்தில் கீழ்க்கையால் சேர்வ் போடும் அதே குத்துத்தான். பந்து கைக்கு வந்த பிறகு எங்களிடம் குறையில்லை. கைக்கு வரத்தான் மாட்டேன் என்றது.

இரண்டு கோடை விளையாடினோம். ஏழு அணிகளில் இரண்டு தடவையும் ஏழாவதாக வந்தோம். அது பெரிய கவலையாக இருக்கவில்லை. கவலை வேறு. இலையுதிர் காலம் வந்தால் அவுஸ்திரேலியர்கள் விசா முடிந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வருடம் எங்கள் அணியைத் தொடங்கியவனும் போய்விட்டான், அவனுடைய கூட்டாளிகளும் போய்விட்டார்கள். மிஞ்சியது பதின்மூன்று பேர். ஆட்டத்துக்குப் பதினைந்து பேர் வேண்டும். இதற்குள் புதிதாக மூன்று அணிகள் லீக்கில் சேரக் கேட்டிருந்தன, அதில் இரண்டு வெளியூர். பத்து அணிகளும் ஒரே பட்டியலில் ஆடினால் ஒரு கோடையில் பதினெட்டு ஆட்டம். ஷிப்ட் வேலைக்காரர் பதினைந்து பேரைப் பதினெட்டு ஞாயிறு ஒன்றுசேர்ப்பது நடக்கிற காரியமா? இரண்டு தடவை ஆள் இல்லாமல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் அணியை நீக்கிவிடுவார்கள்.

எதிர்த் திட்டம் ஒன்றும் இருந்தது. லீக்கை ஐந்து ஐந்தாக இரண்டு பிரிவாக்குவது. மேல் பிரிவு முன்புபோலப் பதினைந்து பேருடன் பெரிய திடலில் ஆடும். கீழ்ப் பிரிவு அணிக்கு ஒன்பது பேருடன் சிறிய திடலில் ஆடும். கீழே முதலாவதாக வருகிற அணி அடுத்த வருடம் மேலே போகும். கீழ்ப் பிரிவுக்கு எட்டே எட்டு ஆட்டம். எங்களுக்கென்று அளவெடுத்துத் தைத்த திட்டம். எங்கள் ஆட்களுக்குச் சங்கம் பிரிப்பது ஒன்றும் புதிதல்ல. ஒரே பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்களுக்கு இரண்டு சங்கம் இருந்த காலம் அது. ஆனால் பிரிந்தால்தான் பிழைப்போம் என்று மனதார விரும்பிப் போனது அந்த ஒருமுறைதான்.

அன்று காலை பதினொன்றரைக்கு எட்மண்டன் கிரீனில் 279 பஸ் எடுத்தேன். செவன் சிஸ்டர்ஸ் வரை ஞாயிற்றுக்கிழமையில் இருபது நிமிடம். அங்கிருந்து விக்டோரியா லைனில் விக்டோரியா வரை இன்னொரு இருபத்தைந்து நிமிடம். பிறகு டிஸ்ட்ரிக்ட் லைனில் மூன்று தரிப்பு தாண்டி ஏர்ள்ஸ் கோர்ட். ஒருநாள் டிரவல்கார்ட் மூன்று பவுணுக்குச் சற்று மேலே வந்ததாக ஞாபகம். அதையே பஸ்ஸிலும் காட்டலாம் என்பதால் அன்று அது நல்ல பேரமாகப் போனது. ஏன் என்று பிறகு விளங்கும்.

ஏர்ள்ஸ் கோர்ட் மேடையில் அல்பிரட் அண்ணை காத்துக்கொண்டு நின்றார். எங்கள் அணியின் கப்டன். மன்னார்க்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். எட்மண்டனில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டுக் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊருக்குக் குடிபோய், அங்கே ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்தார். பார்க்கிங்கிலிருந்து ஏர்ள்ஸ் கோர்ட்டுக்கு மாறாமல் ஒரே ரெயின், ஐம்பது நிமிடம். மாதா கோயிலில் காலைப் பூசை முடித்த கையோடு வந்திருந்தார். பூசைக்குப் போட்ட கோட்டு, கையில் கோயில் மண்டபத்தில் வாங்கிய ரோல்ஸ் ஒரு பை. அகதி விண்ணப்பம் போட்டு மூன்று வருடமாகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து பதில் வராத மனிதர். மனைவி மன்னாரில். கிழமையில் ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் பூசை, பூசை முடிய ஆட்டம். லீக்கின் விதிப்படி கூட்டத்தில் வாக்களிக்க வேண்டியவர் கப்டன். செயலாளரான நான் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. என் வாயைத் தெரிந்துதான் அந்த விதியை எழுதினார்களோ என்னவோ.

ஏர்ள்ஸ் கோர்ட்டுக்கு அப்பால் தண்டவாள வேலை. ரெயின் இல்லை, மாற்று பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை லண்டனில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். பஸ் ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலாக நின்று நின்று புட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனுக்குப் போக அரை மணித்தியாலம் ஆனது. புதிதாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த ஸ்டேஷன் புட்னியில் இல்லை. ஆற்றுக்கு வடக்குப் பக்கம், ஃபுல்ஹமில் இருக்கிறது. பாலத்தை நடந்து கடந்தால்தான் புட்னி. பாலத்துக்கு ஐந்து நிமிடம், அதிலிருந்து கூட்டம் நடக்கும் பப்புக்கு இன்னொரு ஐந்து நிமிடம். நடை அழகாகத்தான் இருக்கும். கீழே நீளமான ஓடங்களில் எட்டு எட்டுப் பேராகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போவார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இளையவர்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலாந்தின் பப்கள் மதியம் பன்னிரண்டுக்குத் திறந்து மூன்று மணிக்குப் பூட்டி, திரும்ப ஏழு மணிக்குத்தான் திறக்கும். சட்டம் அப்படி. எங்கள் கூட்டம் ஒன்றரைக்கு, பப்பின் மேல்மாடி அறையில். மூன்று மணிக்குள் லீக்கைப் பெரிதாக்கி, பிரித்து, படியிறங்கிவிட வேண்டும்.

கூட்டத்துக்குத் தலைவர் கண்ணாடி போட்ட ஒரு அவுஸ்திரேலியர், தொழிலில் பல் வைத்தியர். நல்ல மனிதர், ஆனால் நேரத்தைக் கணக்கிடத் தெரியாதவர். புதிய மூன்று அணிகளைச் சேர்ப்பது பத்து நிமிடத்தில் எல்லோருடைய சம்மதத்துடனும் முடிந்தது. ஆட்டத்துக்கு எந்தப் பந்து வாங்குவது என்பதில் முக்கால் மணித்தியாலம் போனது. லீக்கைப் பிரிக்கும் திட்டம் மேசைக்கு வந்தபோது இரண்டரை.

எதிர்ப்பாகப் பேசியவன் மிக். முதலிடத்து அணியின் கப்டன், கதவு நிலையில் தலை முட்டும் உயரம். ஒன்பது பேர் சிறிய திடலில் ஓடுவது இந்த விளையாட்டே அல்ல, அது பள்ளிக்கூட இடைவேளை என்றான். எங்கள் பக்கம் பார்க்காமல்தான் சொன்னான், ஆனாலும் எனக்குச் சுட்டது. ஆதரவாகப் பேசியவன் கெவின் என்ற வெள்ளைக்காரப் பள்ளிக்கூட ஆசிரியன். ஆறாம் இடத்து அணிக்காரன், எங்களைப்போல ஆள் பஞ்சத்தில் இருந்தவன். எங்கள் கணக்கின்படி மொத்தம் ஏழு வாக்கு. மேலிடத்து மூன்று அணிகள் எதிர்ப்பு, மற்ற நாலும் ஆதரவு. சரிசமமாக வந்தால் திட்டம் விழுந்துவிடும் என்பது விதி. ஆனால் ஏழு வாக்கில் சமம் எங்கே வரப்போகிறது என்று இருந்தோம்.

தலைவர் அணிகளின் பெயரை அகரவரிசையில் வாசித்தார். ஒவ்வொரு கப்டனும் இருந்த இடத்திலிருந்து பதில் சொன்னார்கள். எங்கள் பெயர் வந்த நேரம் பார்த்துக் கீழே கடைசிச் சுற்றுக்கான மணியை அடித்தார்கள். அல்பிரட் அண்ணை நிமிர்ந்து இருந்து, கோட்டைச் சரிசெய்து, தெளிவாகப் பதில் சொன்னார். அவருடைய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. தலைவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்.

முடிவில் வாசித்தார். ஆதரவு மூன்று, எதிர்ப்பு மூன்று, ஒருவர் வாக்களிக்கவில்லை. திட்டம் நிறைவேறவில்லை. கதிரைகள் இழுபட்ட சத்தத்தில் அவர் பிறகு சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. நானும் அல்பிரட் அண்ணையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எந்தப் பாவி வாக்களிக்காமல் விட்டது? கெவின் எங்களைப் பார்க்காமல் படியிறங்கிப் போனான். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. பாலத்தைக் கடக்கும் வரை அவனுக்கு நான் வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது. பாலத்தின் நடுவில் அல்பிரட் அண்ணை நின்றார்.

"இனி ஞாயிற்றுக்கிழமையில நான் என்ன செய்யிறது தம்பி? பூசை முடிஞ்சு அறைக்குப் போனா, சுவர்தான் கிடக்கு."

அவர் விளையாட்டைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. தோற்ற பிறகும் சிரித்துக்கொண்டு காலணி கழற்றுகிற ஆள். அன்றுதான் அவருக்கு அந்த ஆட்டம் என்னவாக இருந்தது என்று விளங்கியது.

புட்னி பிரிட்ஜ் ஸ்டேஷன் வாசலில் மாற்று பஸ் நின்றது. சாரதி ஜமேக்காக்காரப் பெண், நடுத்தர வயது. வெளியே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், அல்பிரட் அண்ணை முன்னால் வரவும் ஏர்ள்ஸ் கோர்ட்டுக்கா என்று கேட்டார்.

"ஓம்," என்றார் அல்பிரட் அண்ணை.

சாரதி அண்ணையைப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் போனது. பிறகு சிரித்தார்.

"அவசரமில்லை டார்லிங், ஆறுதலாக யோசித்துச் சொல்லுங்கள். பஸ் எடுக்க இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது."

நான் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றுவிட்டேன். வெள்ளைக்காரர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டு ஒரு சத்தம் போடுவார்கள். ம் என்பதற்கும் அம் என்பதற்கும் நடுவில் ஒன்று. பதில் இன்னும் வரவில்லை, பொறு என்பதற்கு அடையாளம் அது. எங்கள் ஓம் அவர்கள் காதில் அதுவாகத்தான் விழுகிறது. நாங்கள் சம்மதம் என்கிறோம், அவர்கள் இந்த ஆள் இன்னும் யோசிக்கிறான் என்று காத்திருக்கிறார்கள். அல்பிரட் அண்ணையிடம் கேட்டேன், கூட்டத்தில் என்ன சொன்னீர்கள் என்று. ஓம் எண்டுதான் சொன்னனான், நீரும் கேட்டனீர்தானே என்றார். கேட்டேன்தான். பக்கத்தில் இருந்து இரண்டு காதாலும் கேட்டேன். சம்மதம் என்று விளங்கிக்கொண்டு நிம்மதியாகக் கால் நீட்டி இருந்தேன். வாக்களிக்காத பாவி நாங்களேதான்.

சாரதிக்கு விஷயத்தைச் சொன்னோம். தானும் லண்டனுக்கு வந்த புதிதில் இப்படிப் பலதில் மாட்டுப்பட்டதாகச் சொன்னார். பிறகு இங்கே நின்று என்ன செய்கிறீர்கள், திரும்பிப் போங்கள் என்று எங்களைத் துரத்தாத குறையாகத் துரத்தினார்.

திரும்பிப் பாலத்தைக் கடந்து ஓடினோம். பப் பூட்டிக்கிடந்தது. தட்டியதில் முதலாளி யன்னலைத் திறந்து, ஏழு மணி என்று மட்டும் சொல்லி மூடினார். தலைவரின் தொலைபேசி எண் எங்களிடம் இல்லை. கைத்தொலைபேசி என்பது அப்போது செங்கல் அளவில் பணக்காரரிடம் மட்டும் இருந்த பொருள். ஆனால் மிக்கும் வேறு சிலரும் பக்கத்துத் தெருவில் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பது தெரியும். கூட்டம் முடியத் தலைவரும் அவர்களோடு சேர்ந்து நடந்ததைக் கண்டிருந்தேன். ஏழு மணிக்குத் திறக்கும் பப்புக்கு அவுஸ்திரேலியர்கள் வரமாட்டார்கள் என்றால் உலகத்தில் நம்புவதற்கு ஒன்றுமில்லை. காத்திருந்தோம்.

புட்னி ஆற்றங்கரையில் மூன்றரை மணித்தியாலம் நிற்க வேண்டி வந்தால் என்ன செய்யலாம் என்று கேட்டால், மேற்கே நடக்கலாம். ஓடங்கள் வைக்கும் கொட்டகைகளைத் தாண்டினால் மரங்களுக்கு நடுவே மண் பாதை. வற்றுப் பெருக்கைப் பார்த்து நடக்க வேண்டும். நீர் ஏறினால் தெரு வரை வரும், அங்கே கார் நிறுத்திவிட்டு நனைந்தவர்கள் பலர். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ரோல்ஸ் முழுவதையும் தின்று முடித்தோம். குளிருக்கு அது பத்தவில்லை. ஒரு கடையில் சிப்ஸ் வாங்கிக் கையைச் சூடாக்கிக்கொண்டோம். அல்பிரட் அண்ணைக்குப் பத்து மணிக்கு ஷிப்ட். எட்டு மணிக்காவது வெளிக்கிட்டால் சரிவரும் என்று கணக்குப் பார்த்தோம்.

பாதி சிப்ஸில் அவர் திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"குரோய்டனில விசாரிச்ச அண்டைக்கும் நான் எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டுதானே சொன்னனான்?"

அங்கே மொழிபெயர்ப்பாளர் இருந்திருப்பாரே என்றேன். யோசித்துப் பார்த்து, இருந்தவர், சண்டிலிப்பாய்க்காரர், நல்ல மனுசன் என்றார். இரண்டு பேரும் பெருமூச்சு விட்டோம். பிறகு சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், ஆற்றங்கரை மரவாங்கு ஒன்றில் குந்தி இருந்து கண்ணீர் வரச் சிரித்தோம். நாயோடு நடந்துபோன ஒரு கிழவி எங்களைச் சுற்றி அகலமாக விலகிப் போனார்.

ஏழு அடித்து இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டார்கள். தலைவர், மிக், இன்னும் நான்கைந்து பேர். வாசலிலேயே தலைவரைப் பிடித்தேன். செயலாளர் வாய் திறக்கக் கூடாது என்ற விதி கூட்டத்துக்குத்தானே, தெருவுக்கு இல்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனக்கு அது தயக்கமாகத்தான் கேட்டது, மணிச் சத்தமும் சேர்ந்துகொண்டது, திரும்ப வந்து கேட்க நினைத்து மறந்துபோனதாகச் சொல்லி உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் கூட்டம் முடிந்துவிட்டது. வெளியே வந்து வாக்கை மாற்றுகிறார்கள் என்று நாளைக்கு ஒருவர் சொன்னால் தனக்குத்தான் ஏச்சு. எதிர்த்து வாக்களித்த பக்கத்திலிருந்து ஒருவர் திருத்தச் சொல்லிக் கேட்டால் மட்டும் திருத்தலாம் என்றார்.

எனக்கு மனம் விட்டுப்போனது. எதிர்த்தவர்களில் அங்கே நின்றவன் மிக் ஒருவன்தான். பள்ளிக்கூட இடைவேளை என்று சொன்னவன். இரண்டு கோடையும் எங்களை வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியவன். அவன் கோட்டுப் பையில் கையை விட்டபடி அல்பிரட் அண்ணையைப் பார்த்தான்.

"அந்த ஆள் சம்மதம் என்றுதான் சொன்னான்," என்றான் தலைவரிடம். "இரண்டு வருடம் இவனுக்குப் பின்னால் நின்று தடுத்திருக்கிறேன். பந்து தன்னிடம் வர வேண்டும் என்றால் இந்த ஓம் என்பதைத்தான் கத்துவான். அது கேட்டால் நான் பாய வேண்டும் என்று எனக்குத் தெரியும். திருத்து."

அப்படியென்றால் அந்த நேரமே ஏன் சொல்லவில்லை என்று தலைவர் கேட்டார்.

"நீ அவனிடம் கேட்டாய், என்னிடமில்லை. என் வாக்கு இப்போதும் எதிர்ப்புத்தான்."

தலைவர் அங்கேயே, வாசல் விளக்கின் கீழ், திருத்தினார். நாலுக்கு மூன்று. மிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். எல்லோருக்கும் முன்னால் பியருக்கு நிற்க வேண்டும் அவனுக்கு.

அடுத்த கோடையில் லீக் இரண்டு பிரிவாக ஆடியது. நாங்கள் கீழ்ப் பிரிவில் மூன்றாவதாக வந்தோம். ஒன்பது பேர் ஆட்டத்தில் ஓட வேண்டிய தூரம் குறைவு, கரப்பந்தாட்டக் கைகளுக்கு வேலை அதிகம். அணி இன்னும் நான்கு வருடம் நின்றது. பிறகு கலியாணம், பிள்ளைகள், கடை என்று ஆட்கள் போய்விட்டார்கள், யாரும் நீக்கவில்லை. ஒரு சின்ன மாற்றமும் வந்தது. அந்த வருடத்திலிருந்து லீக் கூட்டங்களில் வாக்கெடுப்புக் கை உயர்த்தித்தான். கெவினிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அடுத்த கோடை முழுவதும் நான் ஏன் ரோல்ஸ் கொண்டுவந்து கொடுத்தேன் என்று இன்னும் தெரியாது.

ஹரோ வாசகருக்கு இனி நடைமுறை விஷயம். இந்த விளையாட்டு இங்கே சித்திரை வைகாசி தொடங்கி ஆவணி வரை நடக்கும், பெரும்பாலும் பொதுத் திடல்களில். பார்க்கக் கட்டணம் இல்லை. நிழல் கிடைக்காது, குடையும் பாயும் கொண்டுபோங்கள். கம்பங்களுக்குப் பின்னால் பிள்ளையை நிறுத்த வேண்டாம், பந்து அங்கேதான் வரும். முதல்தடவை போகிறவர்கள் ஒன்பது பேர் ஆட்டத்தைப் பாருங்கள், எது எங்கே நடக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடும். புட்னிப் பக்கம் என்றால் புறப்பட முன் தண்டவாள வேலை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விஷயத்தில் முப்பது வருடத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை. பப்கள் இப்போது ஞாயிறு மத்தியானம் பூட்டுவதில்லை. மகனை விளையாடச் சேர்க்க நினைத்தால் தயங்க வேண்டாம், இன்றைக்கும் அவர்களுக்கு ஆள் பஞ்சம்தான்.

திரும்பிய வழியையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மணிக்கு முன்பே மாற்று பஸ் கிடைத்தது, சாரதி வேறு ஆள். அல்பிரட் அண்ணை யன்னலோரம் இருந்து கண்ணாடியில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு வந்தார். ஏர்ள்ஸ் கோர்ட்டில் இறங்கி மேடைக்குப் போனோம். பார்க்கிங் போகும் ரெயின் வந்துகொண்டிருந்தது. எனக்குள் இன்னும் அந்த எதிர்ப்பு வாக்கு உறுத்திக்கொண்டிருந்தது. திருத்தச் சொன்னவன் அப்படியே வாக்கையும் மாற்றிப் போட்டிருக்கலாமே என்று சொன்னேன்.

அல்பிரட் அண்ணை ரெயினுக்குள் ஏறித் திரும்பி நின்றார்.

"அவன் எதிராத்தான் தம்பி போட்டவன். ஆனா அந்த அறைக்குள்ள அவன் ஒராள்தான் நான் சொன்னதைக் கேட்டவன்."

கதவு மூடியது.